நேற்று ராத்திரி பல் தேய்த்தாயா?

எந்த வகுப்பில் போய்க் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்க்கணும்?" என்றால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் "ரெண்டு தடவை டீச்சர்!" என்று கத்தும். "சரி, நேத்து ராத்திரி தேய்ச்சவங்க மட்டும் கை தூக்குங்க" என்றால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். நாலு பேருக்குத் திடீரென்று பென்சில் சீவ வேண்டியிருக்கும். ஒருத்தன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான்.

முதல் ஒன்பது வருடம் நான் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. அப்புறம் பதின்மூன்று வருடமாக நகரத்துப் பள்ளி. இந்த ஜன்னலைப் பார்க்கிற விஷயத்தில் இரண்டு இடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தேய்க்காமல் விட்டதற்கான காரணம் மட்டும் அடியோடு வேறு. அது தெரியாமல் இரண்டு இடத்திலும் ஒரே சொற்பொழிவை நடத்தி, ஒன்றும் நடக்காமல் பல வருடங்களை வீணடித்தேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பெற்றோருக்கும் ஆகும், ஆசிரியர்களுக்கும் ஆகும்.

முதலில் பிரஷ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"தினமும் பல் தேய்க்கிறாயா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். அதற்கு "ஆமாம்" என்ற ஒரே பதில்தான் உண்டு என்பது ஒன்றாம் வகுப்புக்கே தெரியும். நான் இப்போதெல்லாம் படம் வரையச் சொல்கிறேன். "உன் பிரஷ் வீட்டில் எங்கே இருக்கும்? அந்த இடத்தை வரை. பக்கத்தில் உன்னையும் வரை." அவ்வளவுதான். எதற்காக என்று சொல்வதில்லை. இருபது நிமிடத்தில் முப்பது வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

கிராமத்துப் பள்ளியில் வந்த படங்களில் பிரஷ் கூரை இடுக்கில் செருகியிருந்தது, ஜன்னல் கம்பியில் நின்றது, சோப்பு டப்பாவுக்குள் படுத்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே ஒரு பிரஷ்ஷும் அதன் முன்னால் வரிசையாக மூன்று பேரும் வரைந்திருந்தான். இது என்னடா என்றேன். "அண்ணன் தேய்ச்சதும் அக்கா, அக்கா முடிச்சதும் நான்" என்றான். வயதுப்படி வரிசை. அவன் குரலில் குறை எதுவும் இல்லை. வீட்டு ஒழுங்கைச் சொல்கிற பெருமைதான் இருந்தது. அந்த வகுப்பில் அவனிடம் நான் அதற்கு முந்தின வாரம்தான் "அவரவர் பல்லை அவரவர் கவனிக்கணும்" என்று அரை மணி நேரம் பேசியிருந்தேன்.

நகரத்தில் நிலைமை வேறு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குளியலறையை அழகாக வரைந்திருந்தாள். கண்ணாடி, அதற்கு மேலே அலமாரி, அலமாரியில் கோப்பை, கோப்பையில் நாலு பிரஷ். கீழே எறும்பு மாதிரி அவள். "எப்படி எடுப்பே?" என்று கேட்டேன். "அம்மா எடுத்துக் குடுப்பாங்க." காலையில் அம்மா அங்கேயே நிற்பதால் பிரஷ் கைக்கு வருகிறது. ராத்திரி அம்மா அலுப்பில் இருக்கிறார், பிரஷ் அலமாரியிலேயே இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் சொன்ன ஆலோசனை ஒரு கொக்கி. பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் ஒரு கொக்கி மாட்டி, அதில் கோப்பையைத் தொங்கவிடுங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே வந்து சொன்னார், இப்போது ராத்திரி அவள்தான் அப்பாவைக் கூப்பிடுகிறாளாம்.

ஆகவே முதல் வேலை இதுதான். பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு பிரஷ் இருக்கிறதா? அது தன் கைக்கு எட்டுகிறதா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற அறிவுரையெல்லாம் வீண்.

ராத்திரிதான் ஏன்

காலையில் தேய்ப்பது பெரும்பாலும் தானாக நடந்துவிடும். வாய் நாறுமே என்ற கூச்சம் தள்ளிக்கொண்டு போகும். ராத்திரி அப்படித் தள்ள எதுவும் இல்லை. ஆனால் பல்லுக்கு ராத்திரிதான் ஆபத்து.

பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். நாம் சாப்பிட்ட இனிப்பும் மாவுப் பொருளும் பல்லில் ஒட்டியிருக்கும். அதை வாயில் இருக்கிற கிருமிகள் தின்றுவிட்டு அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பல்லின் மேல் ஓடான எனாமலைக் கரைக்கும். அமில அளவைச் சொல்வது பிஹெச் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம். சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கரைவது தொடங்கிவிடும். பகலில் இதற்குக் காவல்காரன் நம் எச்சில். அது அமிலத்தைக் கழுவி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலைமையைச் சரிக்கட்டிவிடும். கரைந்துபோன தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பூசவும் செய்யும். தூங்கும்போதோ எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். காவல்காரனும் தூங்கப் போய்விடுகிறான். திருடன் மட்டும் விழித்திருக்கிறான்.

திருடன் கதை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுபடும். ஆறாம் வகுப்புக்கு மேல் பிஹெச் எண்ணே போதும், அந்த வயதில் எண்ணுக்குத்தான் மரியாதை.

பால்பல் தானே, விழத்தானே போகிறது என்று சொல்லும் பெற்றோர் இரண்டு இடத்திலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகம் முழுக்க 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பல்லில் சொத்தை. பால்பல் சொத்தையானால் பிள்ளைக்கு வலிக்கும், மெல்ல முடியாது, பாடத்தில் மனசு நிற்காது. காலத்துக்கு முன்னால் பிடுங்க வேண்டி வந்தால் அடியில் வரவேண்டிய நிரந்தரப் பல் இடம் தவறி முளைக்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். சுமார் ஆறு வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு கடைவாய்ப்பல் முளைக்கும். அவை நிரந்தரப் பற்கள். பல் எதுவும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆயுளுக்கும் மெல்ல வேண்டிய பல், பள்ளம் நிறைந்த பல், பிரஷ் எளிதில் எட்டாத மூலையில் இருக்கும் பல், வந்து ஒன்றிரண்டு வருடத்தில் சொத்தையாகிப் போவது இப்படித்தான். உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதா? கையைக் கழுவிக்கொண்டு ஆள்காட்டி விரலால் கீழ்த்தாடையின் கடைசியைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அகலமாக ஒன்று தட்டுப்பட்டால் அதுதான்.

கிராமத்தில் என்ன செய்தேன்

பிரஷ் பற்றாக்குறை முதல் பிரச்சினை. பற்றாக்குறை என்றால் வாங்கவே முடியாத நிலை என்று மட்டும் இல்லை. "பிரஷ் என்பது வீட்டுக்கு ஒன்று, சீப்பு மாதிரி" என்ற எண்ணமும்தான். ஒருவர் வாயில் இருக்கும் கிருமியும், ஈறிலிருந்து கசியும் ரத்தமும் பிரஷ் வழியாக அடுத்தவருக்குப் போகும் என்று சொன்னபோது பெற்றோர்கள் நம்பினார்கள். நம்பியும் பழக்கம் மாறவில்லை. ஒரே நிறத்தில் வாங்கியதால் எது யாருடையது என்று குழம்பிப்போய் மறுபடி எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்தார்கள். அப்புறம் பிடியில் வெவ்வேறு நிற நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். எழுதிய பெயர் தண்ணீரில் அழிந்துவிடும், நூல் அழியாது. பிள்ளைகளும் "என் சிவப்பு" என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது, இருட்டு. இதை நான் ஊகிக்கவே இல்லை. பல வீடுகளில் வாய் கழுவும் இடம் வெளியே. ராத்திரி சாப்பிட்டு முடித்து எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் வெளியே போய்ப் பல் தேய்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை போகும்? பூச்சி பொட்டு பயம் பெரியவர்களுக்கே உண்டு. "சோம்பேறி" என்று நான் திட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்மையில் பயந்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு வழியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஒரு பாட்டி. "சாப்பிட்டதும் கை கழுவப் போகுதுல்ல, அப்பவே அதையும் முடிச்சிடட்டும். அதுக்கப்புறம் தண்ணியத் தவிர எதுவும் குடுக்க மாட்டேன்" என்றார். இவ்வளவு எளிதாக ஒன்று இருக்கும்போது "படுக்கப்போகும் முன்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். படுக்கப்போகும் முன் பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். கை கழுவும்போது விழித்திருக்கும், பெரியவர்களும் அங்கேயே இருப்பார்கள், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ராத்திரிக் கை கழுவலோடு பல் தேய்ப்பதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குச்சியால் துலக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வரும் ஆட்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. நன்றாக மென்று நார் பிரித்த குச்சி, பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தை எடுக்கத்தான் செய்கிறது. வழக்கத்தில் உள்ள இடங்களில் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதன் குறை வேறு. சிறு பிள்ளையின் கைக்கு அது கடைவாயின் உள்பக்கம் வரை போகாது. எனாமலை உறுதியாக்க பேஸ்ட்டில் சேர்க்கும் ஃபுளோரைடும் அதில் கிடைக்காது. ஆகவே காலையில் தாத்தாவோடு குச்சி, ராத்திரி பேஸ்ட்டோடு பிரஷ் என்று பங்கு பிரித்துக் கொடுத்தேன். தாத்தாவுக்கும் கோபம் வரவில்லை.

சாம்பல், செங்கல் தூள், மணல் இவற்றுக்கு மட்டும் நான் இடம் கொடுப்பதில்லை. பளபளப்பது பல் தேய்வதால்தான். தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது.

சில பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குடிதண்ணீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருக்கும் இடங்களில், பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வருவது அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்தப் பிள்ளையிடம் "ஒழுங்காத் தேய்" என்று சொல்வது அநியாயம். ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நகரத்தில்

நகரத்துக்கு மாறியபோது வேலை சுலபம் என்று நினைத்தேன். எல்லா வீட்டிலும் குழாய், எல்லாப் பிள்ளைக்கும் பிரஷ். ஒரு பெண்ணுக்கு மூன்று இருந்தது. அதில் ஒன்று பாட்டுப் பாடும் பேட்டரி பிரஷ், இரண்டு நிமிடம் பாடி நிற்கும். அதை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டினாள். "தேய்ச்சுக் காட்டு பார்ப்போம்" என்றேன். பிரஷ்ஷை முன்பல்லின் மேல் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பாட்டு முழுவதையும் கேட்டாள். பாட்டு முடிந்ததும் எடுத்தாள். "முடிஞ்சிருச்சு டீச்சர்." பாட்டு முடிந்தது வாஸ்தவம்தான்.

கருவியைக் குறை சொல்லவில்லை. பேட்டரி பிரஷ் நல்ல கருவி. ஒவ்வொரு பல்லாக நகர்த்த ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வாங்கிக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். நகரத்தின் சிக்கலே இதுதான். பொருள் இருக்கிறது, கூட நிற்க ஆள் இல்லை. வேலை முடித்து வரும்போது பெற்றோருக்கே நேரமாகிவிடுகிறது. பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே எதையாவது கொறித்து, அப்படியே தூங்கிவிடுகிறது. ஒட்டிக்கொள்ளும் இனிப்பு, அதுவும் சாப்பாட்டுக்கு இடையில் அடிக்கடி கொறிப்பது, மொத்தமாகத் தின்பதைவிடக் கெடுதல். அமிலம் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கும், எச்சிலுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. இப்போது கிராமத்துக்கும் அந்தத் தின்பண்டப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் பேஸ்ட். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பேஸ்ட் வைப்பார்கள். பேஸ்ட் சீக்கிரம் தீர வேண்டும் என்பது அவர்கள் கவலை. மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேலும் பட்டாணி அளவே தாராளம். சிறு பிள்ளைகள் பழ வாசனைப் பேஸ்ட்டை விழுங்குவார்கள். பல் உருவாகும் வயதில் தொடர்ந்து விழுங்கினால் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டு வரலாம். ட்யூபின் முதுகில் ஃபுளோரைடு அளவு பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருக்கும், 1000க்குக் குறையாமல் 1500க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். படம் போட்ட குழந்தைப் பேஸ்ட் என்பதற்காக எடுக்காதீர்கள், சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது.

தேய்க்கும் விதம்

வட்டம் வட்டமாக. சிறு பிள்ளைகளுக்கு இதுதான் வரும். ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பிரபலப்படுத்திய முறை. 1913இல் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் சுகாதாரப் பணியாளர்களுக்கு உலகத்திலேயே முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, அங்கே படித்த பெண்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்க வைத்தவர் அவர். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த முறையைத்தான் இன்றும் வகுப்பில் செய்துகாட்டுகிறேன்.

பல்லைச் சேர்த்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷ்ஷைக் கன்னத்துக்குள் விட்டு, மேல் ஈறும் கீழ் ஈறும் சேர்ந்து படுகிற மாதிரி வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் ஐந்து வட்டம், பிறகு நகர வேண்டும். வெளிப்பக்கம் முடிந்ததும் வாயைத் திறந்து உள்பக்கம், கடைசியில் மெல்லும் பக்கத்தில் முன்னும் பின்னும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்ணை மூடி, இரண்டு நிமிடம் ஆனது என்று தோன்றும்போது கை தூக்குங்கள் என்று ஒரு தடவை விளையாடினோம். முதல் கை இருபதாவது நொடியில் மேலே போனது.

எந்த இடத்தில் தொடங்குவது என்பது யாரும் பேசாத விஷயம். பிள்ளைகள் முன்பல்லில் தொடங்குவார்கள், கண்ணாடியில் தெரிவது அதுதானே. பின்பல்லுக்கு வருவதற்குள் அலுத்துவிடும். நான் தலைகீழாக்கினேன். கீழே, உள்பக்கம், கடைசிப் பல்லில் தொடங்கு. வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலது பக்கம் கை மடங்கிச் சிரமப்படும், அங்கேயே முதலில் தொடங்கச் சொல்லுங்கள். முன்பல்லை எப்படியும் விடமாட்டார்கள்.

பிரஷ் தலை சிறியதாக, நார் மென்மையாக இருக்கட்டும். அழுத்திப் பிடித்தால் ஈறுதான் புண்ணாகும். பென்சிலைப் பிடிப்பது போலப் பிடிக்கச் சொன்னால் அழுத்தம் தானாகக் குறையும்.

முடிந்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். இதைச் சொன்னால் எல்லாப் பெரியவர்களும் முகத்தைச் சுளிப்பார்கள், நானும் சுளித்தேன். கொப்பளித்தால் ஃபுளோரைடும் தண்ணீரோடு போய்விடும். அது பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். துப்பிவிட்டு உதட்டைத் துடைத்தால் போதும். முதல் வாரம் வாயில் என்னவோ போல இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கை பிடித்தே ஆக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தைப் பாருங்கள், கோட்டுக்குள் நிற்கிறதா? அதே கைதான் பல்லின் உள்பக்கமும் போகப் போகிறது. எதிரே நின்று தேய்த்துவிடாதீர்கள், பிள்ளை தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டால் வாய் முழுவதும் தெரியும்.

பள்ளியில் சேர்ந்து தேய்ப்பது

ஸ்காட்லாந்தில் நாடு முழுவதும் நர்சரிகளில் பிள்ளைகள் தினமும் பெரியவர்கள் கண்காணிப்பில் சேர்ந்து பல் தேய்க்கிறார்கள், 'சைல்ட்ஸ்மைல்' என்ற அரசுத் திட்டம். பிலிப்பைன்ஸிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கை கழுவுவதையும் பல் தேய்ப்பதையும் தினசரி வேலையாகச் சேர்த்தார்கள். இதைப் படித்துவிட்டு ஆர்வத்தில் என் வகுப்பிலும் தொடங்கினேன், 34 பிள்ளைகள். முதல் மாதம் படுதோல்வி. பிரஷ்களைத் தலை தலையோடு உரசும்படி ஒரே டப்பாவில் அடைத்தேன். அதற்கு மேல் மூடி வேறு. இரண்டு வாரத்தில் டப்பாவைத் திறந்தால் ஈர நாற்றம். காகிதத்தில் எழுதி ஒட்டிய பெயர்கள் உரிந்து, 11 பிரஷ் யாருடையது என்றே தெரியாமல் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

பிறகு திருத்திக்கொண்டது இப்படி. தடித்த அட்டையில் இடைவெளி விட்டு ஓட்டை போட்டு, ஒன்றை ஒன்று தொடாமல் நிமிர்த்தி வைத்தோம். மூடி கிடையாது, காற்றில் உலர வேண்டும். பேஸ்ட் ட்யூபை நேராக யார் பிரஷ்ஷிலும் வைப்பதில்லை. ஒரு தட்டின் விளிம்பில் தள்ளித் தள்ளிப் பட்டாணி அளவு புள்ளிகள் வைப்பேன், ஒருவர் ஒரு புள்ளியை வழித்துக்கொள்வார். மதியச் சாப்பாடு முடிந்து, உட்கார்ந்த இடத்திலேயே தேய்த்துவிட்டு ஒரு காகிதத்தில் துப்பி மடித்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். கொப்பளிப்பது இல்லை என்பதால் குழாயில் வரிசையும் இல்லை. தண்ணீர் குறைவாக இருக்கும் பள்ளிக்கு இது வரப்பிரசாதம். பிரஷ்ஷை மட்டும் இரண்டு பேர் மொத்தமாக எடுத்துப் போய், ஒவ்வொன்றாகக் குழாயில் காட்டிக் கழுவி வைப்பார்கள். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம். பள்ளியில் தேய்ப்பது மூன்றாவது தடவை என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "அதான் ஸ்கூல்லயே தேய்ச்சாச்சே" என்று ராத்திரிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள்.

வீட்டில் தேய்த்ததற்கு டிக் போடும் அட்டை கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நான் கொடுத்தேன். மாதத்தின் மூன்றாம் தேதி ஒரு பிள்ளையின் பையில் வேறு எதையோ தேடும்போது அட்டை கையில் வந்தது. முப்பத்தோராம் தேதி ராத்திரி வரைக்கும் டிக். பிள்ளையைக் கேட்டால், "அம்மாதான் மொத்தமாப் போட்டுட்டாங்க, தினமும் ஞாபகம் வெச்சுக்கறது கஷ்டமாம்." அம்மாவும் பாவம்தான்.

ஒரு தவறு இன்னமும் உறுத்துகிறது. கிராமத்துப் பள்ளியில் ஒரு பையன் பக்கத்தில் வந்தாலே வாய் நாறும். ஒருநாள் பொறுமை இழந்து வகுப்பில் எல்லோர் முன்னாலும், "பல் தேய்ச்சிட்டு வாடா" என்றேன். அன்றிலிருந்து அவன் பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டான். பாடம் வாசிக்கும்போதும் கை வாயில்தான். பள்ளிக்குப் பல் மருத்துவர் வந்த அன்றுதான் தெரிந்தது, அவனுடைய ஆறு வயதுக் கடைவாய்ப்பல் ஒன்று குழிந்து சீழ் வைத்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த நாற்றம் போயிருக்காது. ஓட்டை விழுந்த பல்லுக்குப் பிரஷ் மருந்து இல்லை. பல்லில் கறுப்புப் புள்ளி, ஈறில் கொப்புளம், ஒரு பக்கமாகவே மெல்வது, ராத்திரி வலியில் எழுந்திருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் நேராகப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாற்றம் இருந்தால் தனியே கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் சொல்லாதீர்கள்.

நீண்ட விடுமுறையில் பழக்கம் கலைந்துவிடும், கிராமம் நகரம் பாகுபாடே இல்லை. தூங்கும் நேரம் மாறும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது பிரஷ் மறந்துபோகும். இதற்காக நான் திட்டுவதில்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில், எல்லோரும் வீட்டுப் பிரஷ்ஷை ஒரு சுத்தமான காகிதத்தில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருப்பேன், அதைச் சரிபார்க்கிற சாக்கு. பிரஷ்ஷே கதையைச் சொல்லிவிடும். இரண்டு மாதம் ஆகியும் கடையில் வாங்கியது போல நிமிர்ந்து நின்றால் ராத்திரி மட்டுமல்ல, காலையும் சந்தேகம். இரண்டே வாரத்தில் துடைப்பம் மாதிரி விரிந்திருந்தால் அழுத்தித் தேய்க்கிறான், கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். நார் ஓரளவு வளைந்து, அடியில் பேஸ்ட் கறை லேசாகப் படிந்திருந்தால் நான் ஒன்றும் கேட்பதில்லை.

போன தடவை ஒருத்தி கொண்டுவந்த பிரஷ்ஷில் தலையே இல்லை, பிடி மட்டும்தான். "நாய் கடிச்சிருச்சு டீச்சர்" என்றாள். எப்போது என்று கேட்டேன். "ராத்திரி. சாப்பிட்டுட்டுக் கை கழுவறப்போ, பக்கத்துல வெச்சிருந்தேன்."